பக்கத்தில் நின்றவள்

"பியூலாதான் மாஸ்டர்" என்று ஹெப்சி சொன்னபோது சுகிர்தா ஜன்னலுக்கு வெளியே கொடியில் தொங்கிய வெள்ளை அங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ துவைத்துக் காயப்போட்ட பாடகர் அங்கி. கடற்காற்று அதற்குள் புகுந்து தோளும் மார்பும் கைகளுமாக ஓர் ஆளை உண்டாக்கும், உடனே வெளியேறிவிடும். ஆள் வந்தாள், ஆள் போனாள். அங்கிக்குள் நிற்கிறவள் யாராக இருந்தாலும் தூரத்தில் இருந்து பார்த்தால் அங்கிதான் தெரியும் என்று நினைத்தவளுக்கு, ஹெப்சி சொன்ன பெயர் கொஞ்சம் தாமதமாகத்தான் காதுக்குள் இறங்கியது. ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் எல்லாம் வீட்டுக்குப் போயாகிவிட்டது. தூத்துக்குடி வெயில் முற்றத்து மணலில் கண்ணைக் கூச வைத்தது. ஆலயத்துக்குப் பின்னால் இருந்த பயிற்சி அறையில் பெண்கள் பாடகர் குழு மட்டும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தது, நடுவில் ஞானராஜ் மாஸ்டர். கோபக்காரர் இல்லை. இன்றைக்கும் அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. முந்தின நாள் போட்டியில் நடந்ததை அவர் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. பாட்டின் கடைசிச் சரணத்துக்கு நடுவே ஒரு மௌனம் வரும். ஆர்மோனியம் நிற்கும், மாஸ்டரின் கை காற்றில் நிற்கும், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், கை இறங்கியதும் இலை விழுகிற மாதிரி ஒரே குரலாக மெல்ல நுழைய வேண்டும். மழைக்காலம் முழுக்க அவர்கள் பாட்டைவிட அந்த மௌனத்தைத்தான் பழகினார்கள். மேடையில் கை இறங்கும் முன்பே ஒரு குரல் தனியாகக் குதித்துவிட்டது. நடுவர்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். எப்போதும் வாங்குகிற கோப்பை வேறு சபைக்குப் போய்விட்டது. முந்திப் பாடியது யார் என்று தெரிய வேண்டும், யாராக இருந்தாலும் கிறிஸ்மஸ் ஆராதனைக்கு மேடையில் நிற்க வேண்டாம், நாமெல்லாம் ஒரு குடும்பம், மறைக்காமல் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார் மாஸ்டர். பியூலா தானாகவே முதலில், நான் இல்லை மாஸ்டர் என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படி முந்திக்கொண்டு சொன்னதே அறையில் சிலருக்கு ஒரு மாதிரி பட்டது என்பதைச் சுகிர்தா கவனித்திருந்தாள்.

வட்டம் ஹெப்சியிடம் தொடங்கி இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அடுத்தவள் லேசாக இருமிவிட்டு, எனக்கும் பியூலா குரல் மாதிரிதான் இருந்தது என்றாள். 'மாதிரிதான்' என்ற சொல் அவளுக்கு அடுத்தவள் வாயில் உதிர்ந்துபோய் வெறும் 'பியூலா' ஆயிற்று. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், பெந்தெகொஸ்தே சபையில் கையைத் தட்டிப் பாடிப் பழகினவர்களுக்கு நம்ம அடக்கம் சீக்கிரம் வராது, பாவம், அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய என்று இரக்கப்பட்டாள். இரக்கமும் அதே பெயரில்தான் போய் உட்கார்ந்தது. சுகிர்தாவுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது, ஏனென்றால் விஷயம் அவ்வளவு எளிது. மேடையில் பியூலாவுக்குப் பக்கத்தில் நின்றவள் அவள்தான். தோளோடு தோள். அந்த மௌனத்தில் அவள் பியூலாவைப் பார்த்தாள், பயிற்சி முழுக்க அந்த இடத்தில் பார்த்துப் பழகிவிட்டிருந்தது, ஏனென்றால் மூச்சைப் பிடிக்கும்போது பியூலா உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள், சின்னப் பிள்ளை மாத்திரை விழுங்க மறுக்கிற மாதிரி. முந்தின நாளும் உதடு உள்ளேதான் இருந்தது. குரல் வந்தது பின் வரிசையில் இருந்து, சுகிர்தாவின் இடது தோளுக்கு மேலாக. அந்தக் குரலின் ஓரத்தில் இருந்த நடுக்கம்கூடத் தெரிந்த நடுக்கம்தான். ரத்னபாய் அக்காவினுடையது. இந்தக் குழுவில் எல்லோருக்கும் முன்னால் வந்தவள், புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் அங்கியின் கழுத்துப் பட்டியை மாட்டிவிடுகிறவள், சுகிர்தாவின் கல்யாணத்தில் பாடியவள். எளிது, மிக எளிது, முறை வரும்போது பியூலா இல்லை என்று சொன்னால் போதும், வேறு பெயர் சொல்ல வேண்டியதில்லை. அப்போது ரத்னபாய் அக்காவின் முறை வந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எனக்கு அந்தப் பிள்ளைமேல ஒரு வருத்தமும் இல்ல, ஆனா அவ குரல்தான் கேட்டுச்சு, கர்த்தருக்கு முன்னால பொய் சொல்லக்கூடாது என்றாள். சுகிர்தா அவள் முகத்தையே பார்த்தாள். பொய் எங்காவது ஒட்டியிருக்கும் என்று தேடினாள். ஒன்றும் இல்லை. அக்காவின் முகம் தெளிந்த தண்ணீர்போல இருந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை. தன் வாயில் இருந்து போன குரலை அவள் பியூலாவின் குரலாகக் கேட்டிருக்கிறாள். தன் குரலைத் தானே அடையாளம் தெரியாமல் போக முடியும் என்றால், என்று யோசனை ஓடியது, அப்படியென்றால் நான் கேட்டது மட்டும் என்ன நிச்சயம்?

அந்த இடத்தில் நினைவு ஒரு முள்ளில் மாட்டிய சேலைபோல நின்றது. இழுத்தால் கிழியும் என்று அவள் இழுக்காமல் விட்டாள். மின்விசிறி சுற்றும்போது கூரையில் ஒரு நிழல் எல்லோருடைய தலைக்கும் மேலாகப் போய்ப் போய் வந்தது. குழுவில் அவள் சேர்ந்ததே இந்த மாதிரி நிழலாகிவிடத்தான் என்று தோன்றியது. முதல் நாள் எல்லோரோடும் சேர்ந்து வாயைத் திறந்தபோது தன் குரல் எங்கே போயிற்று என்று தெரியாமல் போனதே, அந்த ருசி. பாடுகிறோமா, பாடப்படுகிறோமா என்று தெரியாத ருசி. வீட்டில் தன் குரல் கரகரப்பானது என்று கூச்சப்படுகிறவள், அங்கே அதைத் தேடினால் கிடைக்காத சுகத்தில் கண் கலங்கி நின்றாள். பக்கத்தில் நிற்கிறவள் சுதி கொஞ்சம் இறங்கினால் நாமும் நம்மை அறியாமல் இறங்குவோம், தெரிந்துகொண்டு இறங்குகிறவர் யாரும் கிடையாது, மாஸ்டரே சொல்லுவார், காது பக்கத்து ஆளிடம்தான் வேலை பார்க்கிறது என்று. சின்ன வயதில் கடலில் குளிக்கும்போது சித்தி பிள்ளைகள் எல்லாரும் கை கோத்து நிற்பார்கள், அலை வரும்போது குதிக்க வேண்டாம், அலையே தூக்கும், எல்லோருடைய காலும் ஒன்றாக மண்ணை விட்டு எழும். யாரும் கையை விட மாட்டார்கள், விட்டவளை அலை புரட்டிவிடும், வாய் நிறைய மண்ணோடு கரையில் கிடப்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். இன்னொரு தரம் ரயிலில். எந்த ஊர் போகிற ரயில் என்று இப்போது ஞாபகம் இல்லை. சிக்னலுக்காக வெட்ட வெளியில் நின்ற வண்டியில் இருந்து யாரோ இறங்கினார், அவரைப் பார்த்து இன்னொருவர், பெட்டியே மூட்டை முடிச்சோடு இறங்கியது, அவளும் இறங்கினாள், பிளாட்பாரம் இல்லாத சரளைக் கல்லில் செருப்பு வழுக்க நின்றுகொண்டு, இது எந்த ஊர் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வண்டி புறப்பட ஊதியதும் எல்லோரும் ஓடி ஏறினார்கள். ஏறி உட்கார்ந்த பிறகும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. முதலில் இறங்கியவர் காற்று வாங்கத்தான் இறங்கியிருப்பார். அன்றைக்கு அவளுக்கு வெட்கமாகக்கூட இல்லை, எத்தனை பேர் கூடவே இறங்கியிருந்தார்கள். தனியாக இறங்கியிருந்தால் வாழ்நாள் முழுக்க வெட்கப்பட்டிருப்பாள். சேர்ந்து தப்புச் செய்தால் அது தப்பாகவே படுவதில்லை, தனியாகச் சரியாக இருக்கும்போதுதான் முதுகெல்லாம் குளிர்கிறது.

இன்னொரு பெயர் சொல்லும் குரல் கேட்டது, அதே பெயர். வட்டம் நெருங்கிவிட்டது. வெள்ளை அங்கி மறுபடியும் நிறைந்து எழுந்தது. சுகிர்தா மேடையை நினைவில் கொண்டுவந்தாள், இந்தத் தடவை கவனமாக, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைக்கிற மாதிரி. அவள் வேலை அதுதான், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுவது. அங்கே அவளுக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது, அங்கே பக்கத்தில் யாரும் உட்கார்ந்து இதுதான் இது என்று சொல்லுவதில்லை, ஒற்றைக் கண்ணும் ஒற்றை வெளிச்ச வட்டமும். இப்போதும் அப்படிப் பார்த்தாள். மேடை, மாஸ்டரின் கை, மௌனம், பக்கத்தில் பியூலா. உதடு உள்ளே மடிந்திருந்தது. மடிந்திருந்ததா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த உதடு மெல்ல, தூக்கத்தில் திறக்கிற மாதிரி, திறந்தது. அவள் பதறிப்போய் மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை உதடு முதலிலேயே திறந்திருந்தது. குரல் இடது தோளுக்கு மேலாக வரவில்லை, வலது பக்கத்தில் இருந்து, பியூலா நின்ற பக்கத்தில் இருந்து வந்தது. எங்கிருந்து மாறியது, எப்போது மாறியது என்று தெரியவில்லை. உள்ளேயே யாரோ கையை விட்டு விளக்கை இந்தப் பக்கத்தில் இருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இப்படித்தான். அப்பாவின் ரத்தத்தைப் பார்த்தது அவள். அந்த வெளிச்ச வட்டத்தில் இருந்ததைப் பார்த்த பிறகு மிச்சம் இருக்கிற நாட்கள் கொஞ்சம்தான் என்று தெரிந்தது. ஆனால் கட்டிலைச் சுற்றி நின்ற மாமாவும் அத்தைகளும், இன்னைக்கு முகம் தெளிஞ்சிருக்கு, நல்லாத் தெளிஞ்சிருக்கு என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டு வந்தபோது, அவளும் குனிந்து பார்த்தாள், முகம் தெளிந்துதான் இருந்தது. ஆமா தெளிஞ்சிருக்கு என்றாள். சொல்லவேண்டும் என்று சொன்னதில்லை, அப்படித்தான் தெரிந்தது. அப்பா மட்டும் அவளையே பார்த்தார், தன்னிடமாவது உண்மையைச் சொல்லுவாள் என்று நினைத்திருப்பாரோ என்னவோ. அந்த வாரமே போய்விட்டார். அவரிடம் சொல்ல வைத்திருந்த எதையும் சொல்லவில்லை, முகம் தெளிந்திருக்கிறவரிடம் கடைசிப் பேச்சு பேச முடியுமா. இப்போது ஏன் அப்பா ஞாபகம் வந்தார் என்று யோசிக்கும்போதே அறையில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாகத் தன் பக்கம் திரும்புவதை அவள் தோலில் உணர்ந்தாள், அடுப்புப் பக்கம் நிற்கும்போது கன்னத்தில் படுகிற சூடுபோல. மாஸ்டர், சுகிர்தா, நீதான பக்கத்துல நின்ன, உனக்குத்தான் நல்லாத் தெரியும், சொல்லும்மா என்றார். எதிரே பியூலா மடியில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் விட்டுப் போன பிறகு அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவள். அந்த வீட்டில் சத்தமாகப் பேசக்கூட வழியில்லை என்று ஒரு நாள் சொல்லியிருந்தாள், இங்க வந்துதாங்க்கா வாயத் தெறக்கேன் என்று. அவள் சுகிர்தாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், கவலை எல்லாம் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி. அந்தத் தலையசைப்பைப் பார்த்துக்கொண்டே சுகிர்தா, "பியூலா மாதிரிதான் இருந்துச்சு மாஸ்டர்" என்றாள்.

சொன்னதும் எவ்வளவு இதமாக இருந்தது. சூடு கன்னத்தை விட்டுப் போயிற்று. யாரோ அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள், திரும்பிப் பார்க்கவில்லை, ரத்னபாய் அக்காவின் கையாகத்தான் இருக்கும். காலுக்கடியில் மண் இல்லை, அலை எல்லோரையும் ஒன்றாகத் தூக்கியிருந்தது, கைகள் கோத்திருந்தன, இப்படியே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மிதக்கலாம். 'மாதிரி' என்று சொல்லியிருக்கிறேனே என்று ஒரு சின்ன சமாதானம் வேறு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. பியூலாவின் பக்கம் மட்டும் கண்ணைக் கொண்டுபோகவில்லை. ஜன்னலில் அங்கி தளர்ந்து தொங்கியது. வட்டத்தில் மிச்சம் இருந்தது தயாவதி மட்டும்தான். அவளைக் கேட்கவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை, மாஸ்டர் எழுந்திருக்க நாற்காலிக் கையில் கையை ஊன்றிவிட்டார். தயாவதி வெளியூரில் இருந்து வருகிறவள், போஸ்டாபீஸில் வேலை, எப்போதும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம், பயிற்சி முடியும் முன்பே பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறவள் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். இப்போதும் பை தோளில் இருந்தது. அவள் யாரையும் எதிர்க்கிறவள்போல நிமிர்ந்து உட்காரவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "பியூலா பாடல மாஸ்டர். நான் வரிசை வளையுத அந்த ஓரத்துல நின்னேன், அவ மொகம் எனக்கு நேராத் தெரிஞ்சுது. வாய உள்ள மடக்கிட்டுல்லா நின்னா" என்றாள். ஏதோ முகவரி தப்பாக எழுதியிருக்கிறது என்று சொல்லுகிற மாதிரி சொல்லிவிட்டு, வேற யாருன்னு எனக்குத் தெரியாது என்று சேர்த்துக்கொண்டாள்.

உள்ளே மடக்கிட்டு. வேறு யாரும் பார்த்திருக்க முடியாது என்று சுகிர்தா நினைத்திருந்த உதடு, இன்னொரு கண்ணும் பார்த்த உதடு. நினைவில் திறந்திருந்த வாய் மூடிக்கொண்டது. விளக்கு பழைய இடத்துக்கே வந்துவிட்டது, குரல் இடது தோளுக்கு மேலாக, நடுக்கத்தோடு, இவ்வளவு தெளிவாக எப்படி இதை மறந்தோம் என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. மறந்தேனா, மறைத்தேனா, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்குமே, அதை எப்போது தாண்டினேன். ஹெப்சி தயாவதியிடம், ஒனக்கு அங்கருந்து என்ன தெரிஞ்சிருக்கும், பக்கத்துல நின்ன சுகிர்தாவே சொல்லுதா என்று கேட்டாள். பக்கத்துல நின்ன சுகிர்தா. அவள் இப்போது சாட்சி ஆகிவிட்டாள், அவள் பெயரைப் பிடித்துத்தான் அறை தொங்கிக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்துவிடலாம், தயாவதிக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், அவள் போய்விடுவாள், எல்லாம் அமுங்கிப் போகும், சாயந்திரத்துக்குள் தானே மறுபடி திறந்த வாயைத்தான் பார்ப்பேன், அப்போது குற்ற உணர்ச்சிகூட இருக்காது. இருக்காது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. அப்பா பார்த்த பார்வை மட்டும் எந்த சமாதானத்துக்கும் அசையாமல் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அவள் எழுந்து நின்றாள், எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"நான் சொன்னது தப்பு மாஸ்டர். தயா சொல்லுததுதான் சரி. பியூலா வாயே தெறக்கல."

மாஸ்டர் அவளைப் புரியாமல் பார்த்தார். இப்பத்தான வேற சொன்ன என்றார். ஆமா சொன்னேன், எல்லாரும் சொல்லிட்டு வந்தாங்க, எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு என்றாள் சுகிர்தா. சொல்லும்போது அது எவ்வளவு அற்பமாக ஒலித்தது. அப்ப யாரு பாடுனது என்று ஹெப்சி கேட்டாள். பின்னால இருந்து வந்துச்சு, யாருன்னு நான் திரும்பிப் பார்க்கல என்றாள். அதில் பாதி உண்மை. ரத்னபாய் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்னாலயா என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறவள்போல முனகிவிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள். சுகிர்தா அந்தப் பக்கம் திரும்பவில்லை, மிச்சப் பாதியை அவள் சொல்லப் போவதில்லை. இனிமேல் என்ன நடக்கும் என்று அவள் கற்பனை செய்து வைத்திருந்தது ஒன்றும் நடக்கவில்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை. பிறகு, முதலில் 'மாதிரிதான்' என்று சொன்னவள், நானும் நிச்சயமாச் சொல்லல மாஸ்டர், மாதிரின்னுதான் சொன்னேன் என்றாள். அவளுக்கு அடுத்தவள், எனக்கு அந்தப் பக்கமே தெரியல என்றாள். இரக்கப்பட்டவள், நான் பொதுவாச் சொன்னேன் என்றாள். ஒவ்வொருத்தியாக, அதே வரிசையில், அதே இதமான வேகத்தில், எல்லோரும் இந்தக் கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் ஹெப்சிகூட, மேடை வெளிச்சத்துல என்னத்தப் பாக்க முடியும் என்று ஒத்துக்கொண்டாள். சுகிர்தாவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் வருகிற வேகத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே அலைதான், இந்தத் தடவை வேறு பக்கமாகத் தூக்குகிறது, அவ்வளவுதான். மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, விடுங்க, யாராவும் இருந்துட்டுப் போகட்டும், எல்லாரும் புதன்கிழமை பயிற்சிக்கு வாங்க, கிறிஸ்மஸுக்கு எல்லாரும் நிக்கலாம் என்று சொல்லிவிட்டு ஆர்மோனியத்தை மூடினார். தயாவதி ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தாள்.

வெளியே மணல் செருப்புக்குள் சுட்டது. ஆலயச் சுவரின் குறுகலான நிழலில் பியூலா குடையை விரிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தாண்டாமல் வாசலுக்குப் போக முடியாது. சுகிர்தா கிட்டப் போனாள். என்னைய மன்னிச்சிரு பியூலா என்று மட்டும் சொன்னாள். பியூலா கோபப்படவில்லை. அழவும் இல்லை. தூக்கத்தில் இருந்து எழுந்தவள்போல அவள் முகம் மங்கலாக இருந்தது. பரவாயில்லக்கா, நீங்கதான எந்திரிச்சுச் சொன்னீங்க என்றாள். பிறகு குடையின் நுனியால் மணலைக் கிளறிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"மத்தவங்க சொல்லும்போது எனக்கு ஒண்ணும் ஆகலக்கா. நான் பாடலன்னு எனக்குத் தெரியும்லா. நீங்க சொன்ன பொறவுதான்... பக்கத்துல நின்னவங்களே சொல்லுதாங்களே, அப்ப நான் பாடித்தான் இருப்பேன்னு ஆயிட்டு. என் தொண்டையில அந்தச் சத்தம் வந்தது மாதிரிகூட இருந்துச்சு. மன்னிப்பு கேக்க எந்திரிக்கப் போனேன், அதுக்குள்ள தயாக்கா பேசிட்டாங்க."

காற்று நின்றிருந்தது. சுகிர்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்த வெயிலிலும் கை சில்லென்று இருந்தது. "நீ பாடல பியூலா. நான் பக்கத்துலதான நின்னேன். நீ பாடல" என்றாள்.

பியூலா நிமிர்ந்து அவள் கண்ணுக்குள் பார்த்தாள்.

"நல்லாத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.